மூணு கோடா, நாலு கோடா

"மூணு கோடா மாமா?" என்று கேட்டேன். அதுதான் தப்பு. "எத்தனை கோடு?" என்று கேட்டிருக்க வேண்டும். பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் விலங்கியல் படிக்கிறவள், பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்து நீட்டக் கூடாது. ஆனால் மாமா கௌதள்ளி பஸ் ஸ்டாப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தார். மீட்டர் ஓடுகிற பயத்தில் வார்த்தைகளை மூட்டை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். நான் நின்றது மைசூர் விஜயநகரில் எங்கள் பக்கத்து வீட்டு ஹாலில். போன் அவர்களுடையது. வீட்டுக்காரர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சூரியகாந்தியில வண்டு உளுந்திருக்குது அம்மிணி. வெள்ளையா, மேல கோடு கோடா. மருந்தடிச்சுப் போடலாமா?"

"மூணு கோடா மாமா?"

"மூணோ நாலோ. மூணுன்னே வெச்சுக்க."

"சின்னதா?"

"வண்டு பின்ன யானையாட்டமா இருக்கும்?"

அடிக்க வேண்டாம் என்று சொன்னேன். சொன்னேன் என்ன, உத்தரவே போட்டேன். அது நல்ல வண்டு, இலையைத் தொடாது, இலையில் சாறு உறிஞ்சுகிற அசுவினியைத்தான் தின்னும், அதைக் கொன்றால் உங்களுக்குத்தான் நஷ்டம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "நீ படிச்சவ, சொன்னாச் செரி" என்று மாமா வைத்துவிட்டார். நான் வீட்டுக்குள் வந்து, அம்மாவின் கையிலிருந்த தோசைக் கரண்டியைப் பிடுங்கி மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷம். மாமாவுடைய காட்டைப் பற்றி அந்த நிமிஷம் நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்ள வேண்டும்.

சந்தோஷத்துக்குக் காரணம், எங்கள் கல்லூரி விலங்கியல் கூடத்தில் இருந்த ஒரு பூச்சிப் பெட்டி. மரச்சட்டம், கண்ணாடி மூடி, திறந்தால் மூக்கில் ஏறுகிற நாப்தலின் நெடி. அதில் பொறிவண்டுகளுக்கு ஒரு வரிசை. பதினொன்று வழக்கமானவை, சிவப்பிலும் மஞ்சளிலும் புள்ளி வைத்தவை. பன்னிரண்டாவது மட்டும் வேறு மாதிரி. அரிசிக் குருணை அளவு. பழைய பியானோ கட்டை நிறம். முதுகில் மேலிருந்து கீழாக மூன்று கறுப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல நேராக. ஒரே ஒன்று. பின்னங்கால் ஒன்று இல்லை. அடியில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் மங்கிப்போன மையில் ஒரே ஒரு சொல்: "அரிது."

யார் எழுதினார்கள், எப்போது, எதை வைத்து? யாருக்கும் தெரியவில்லை. எங்கள் லெக்சரரிடம் கேட்டேன். "நானும் பார்த்ததில்லை, அதனால அரிதுதான்" என்றார். அந்தப் பதில் எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஒரு பூச்சி அரிதா, அல்லது யாரும் குனிந்து பார்க்கவில்லையா? இரண்டும் ஒன்றாகுமா? முதல் வருஷத்திலிருந்து தேடினேன். குக்கரஹள்ளி ஏரிக்கரையில், சாமுண்டி மலைப் படிக்கட்டு ஓரத்தில், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரின் ரோஜாத் தொட்டிகளில். "எங்க வீட்டு ரோஜாவில அப்படி என்னம்மா தொலைச்சே?" என்று அவர் கேட்கிற அளவுக்குத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

இன்னொரு கோட்டு வண்டு எனக்கு நன்றாகத் தெரியும். அது எங்கள் வீட்டுச் சுவரிலேயே ஊர்ந்தது.

விஜயநகர் அப்போது பாதி வீடு, பாதி காலி சைட். காலி சைட் என்றால் பார்த்தீனியம். இடுப்பளவு நிற்கும், கொத்தமல்லி மாதிரி இலை, மேலெல்லாம் பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. எல்லாருக்கும் அது களை. அப்பாவுக்கு அது வியாதி. சைக்கிளில் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போகிற வழி முழுக்க அந்தச் செடிதான். கழுத்து கறுத்துத் தடித்துவிடும். கண் இமை வீங்கிப் பாதி கண்தான் திறக்கும். "இந்தச் செடி இல்லாத ஊருக்குப் போங்க" என்றார் டாக்டர். "அப்படி ஒரு ஊர் இருந்தாச் சொல்லுங்க சார், நாளைக்கே ரிசைன் பண்றேன்" என்றார் அப்பா.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், எங்கள் தெருமுனை சைட்டில் செடிகள் ஓட்டை ஓட்டையாகி, குச்சியாகி நின்றன. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது வண்டு. வெளுத்த வைக்கோல் நிறம், முதுகில் காப்பிக் கறை மாதிரிக் கோடுகள். பார்த்தீனியத்தைத் தின்னட்டும் என்று மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து பெங்களூர்ப் பக்கம் விட்டிருந்தார்கள். அது தானாகவே பெருகி எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டது. அப்பா தினமும் சாயங்காலம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்று அதைப் பார்ப்பார். "நம்ம ஹுளா" என்பார். பூச்சி, புழு எல்லாவற்றுக்கும் அவருக்குக் கன்னடத்து ஹுளாதான். ஒரு நாள் பேப்பரில், அந்த வண்டு சூரியகாந்தியையும் கடிக்கிறது என்று விவசாயிகள் குறை சொல்வதாக வந்திருந்தது. அப்பா அந்தப் பக்கத்தை மடித்து அலமாரித் தட்டில் விரித்து, மேலே ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டார். "பேப்பர்க்காரனுக்கு ஒரு நாள் அரிச்சாத் தெரியும்."

எனவே என் நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தேன். வந்தது ஆறு மில்லிமீட்டர், சொந்த ஊர்க்காரி அதில் பாதி. வந்ததன் கோடுகள் கைநடுங்கிப் போட்டவை, சொந்த ஊர்க்காரிக்கு நேர்க்கோடு. வந்தது இலை தின்னி, இது அசுவினி தின்னி. வந்ததன் மீசை நீளம், இதன் மீசை குட்டை, நுனியில் சின்னக் குண்டு. பாதத்தில் கணு எண்ணினால் ஒன்றுக்கு நாலு போலத் தெரியும், இன்னொன்றுக்கு மூன்று போலத் தெரியும். "போல" என்று ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டுமே ஒரு கணுவை ஒளித்து வைத்திருக்கின்றன. நல்ல மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் அந்தத் திருட்டுக் கணு தெரியும். இதைக் கண்டுபிடித்தபோது வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தி மட்டும், "அது ஒளிச்சா உனக்கென்ன?" என்று கேட்டாள். எனக்கென்ன என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் தூக்கம் வராத அளவுக்குப் பிடித்திருந்தது.

எட்டு நாள் கழித்து மறுபடி போன் வந்தது. இந்தத் தடவை மாமா என்னைக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் பேசினார். அம்மா திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"உன்னோட நல்ல வண்டு எங்கண்ணன் காட்டுல வரப்போரமா இலையெல்லாம் சல்லடையாக்கிடுச்சாம். அண்ணன் உன் பேச்சைக் கேட்டு எட்டு நாள் கையைக் கட்டிட்டு உக்காந்திருந்திருக்கு."

"இலையா? இலையைத் தின்னாதே அது."

"அதைப் போய் அதுகிட்டச் சொல்லு. வெள்ளிக்கிழமை காலைல மருந்தடிக்க ஆள் வருதாம்."

மாமா அந்த வருஷம் ராகியை விட்டுவிட்டு, இருக்கிற ஒன்றரை ஏக்கரிலும் சூரியகாந்தி போட்டிருந்தார். அந்தக் காடு போனால் அவருக்கு அந்த வருஷத்துக்கு வேறு வெள்ளாமை இல்லை. ஆடி மாசம், பூ விரிகிற சமயம். இப்போது மருந்தடித்தால் வண்டோடு தேனீயும் போகும். தேனீ உட்காராவிட்டால் சூரியகாந்தியில் விதை பிடிக்காது, பொக்குதான் மிஞ்சும். அடிக்காவிட்டால் இலை போகும், இலை போனால் எதை வைத்துப் பூ விதையாகும்? ஒரு போன் பேச்சில் நான் இதில் மாமாவைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன்.

வியாழக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டு, மாதேஸ்வரன் மலை போகிற பஸ்ஸில் ஏறினேன். பையில் லென்ஸ், நோட்டு, மருந்துப் பஞ்சு போட்ட, பூச்சி கொல்லும் பாட்டில், அப்புறம் ஒரு ஊறுகாய் பாட்டிலில் எங்கள் தெருமுனை மெக்சிகோக்காரர்கள் ஆறு பேர், தின்ன ஒரு கொத்துப் பார்த்தீனியத்தோடு.

"அந்த எழவை எதுக்குடி அங்க தூக்கிட்டுப் போறே?" என்றாள் அம்மா.

"சாட்சிக்கு."

மாமா கௌதள்ளி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"அங்க இருக்கறது பத்தாதுன்னு கையோட வேற கொண்டாந்துட்டியா?"

"ஒப்பிட்டுப் பார்க்க மாமா."

"நல்லாப் பாரு. பொண்ணு பாக்கற மாதிரி ரெண்டு பக்கமும் நிறுத்தி வெச்சுப் பாரு."

காட்டுக்கு அவர் முன்னால் நடந்தார், நான் பாட்டிலோடு பின்னால்.

மேற்கு வரப்பை ஒட்டிய முதல் இரண்டு வரிசையில் இலைகள் உண்மையிலேயே சல்லடை. லென்ஸே வேண்டியிருக்கவில்லை. ஆறு மில்லிமீட்டர். கைநடுங்கிய கோடு. தொட்டதும் காலை மடக்கிக்கொண்டு உருண்டு விழுந்தது. பாட்டிலில் இருப்பதற்கும் இதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"என்ன சொல்லுது உன்ற சாட்சி?"

"இது அது இல்ல மாமா. நான் சொன்னது வேற."

"நான் அதைத்தான் அம்மிணி போன்ல சொன்னேன். கோடு போட்ட வண்டு."

அவரிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காட்டுக்குள்ளே நடந்தேன். என் தலைக்குச் சமமாகப் பூக்கள். இலையின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன். எதையாவது செய்யாமல் இருக்க முடியாதே. ஏழாவது எட்டாவது வரிசையில், ஒரு இலையின் அடியில் அசுவினி கூட்டமாக அப்பியிருந்தது. அதற்கு நடுவில், குருணை அளவில், தந்த நிறத்தில், நேராக மூன்று கோடு.

ஒன்று இல்லை, அந்த இலையில் மட்டும் நாலு. அடுத்த இலையில் இரண்டு. ஒரு வருஷத்துக்கு மேலாக மைசூர் முழுக்கத் தேடியது, "அரிது" என்று சீட்டு ஒட்டியது, மாமாவின் காட்டில் ஒரு இலைக்கு நாலு என்று உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஆமா, இதான்" என்றார் பின்னாலேயே வந்த மாமா. "முதல்ல பாத்தது இதைத்தான். அப்ப சின்னக் குஞ்சா இருந்துது. ஒரு வாரத்துல பெருசாகி வரப்போரம் போயிருச்சு."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. மாமாவுக்கு இது குஞ்சு, அது தாய்.

"வண்டு வளராது மாமா. ஓடு போட்ட பிறகு அவ்வளவுதான். சின்னது சின்னதாவே சாகும்."

"கோழிக்குஞ்சாட்டம் வளராதா?"

"வளராது. வளர்றதெல்லாம் புழுவா இருக்கறப்பவே முடிஞ்சுபோயிடும். இது வேற சாதி, அது வேற சாதி."

அவர் நம்பவில்லை என்று தெரிந்தது. லென்ஸை அவர் கண்ணில் வைத்து, இலையைப் பிடித்துக் காட்டினேன். மாமா ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அசுவினி ஒன்றைப் பிடித்து, காலை உதறியதைக்கூட விடாமல், அது முழுசாகத் தின்று முடிக்கும்வரை பார்த்தார்.

"அடேங்கப்பா. கறி திங்கற மாதிரியல்ல திங்குது." பிறகு லென்ஸை எடுக்காமலே சொன்னார்: "அப்ப இது என்ற ஆளு. அது உங்கப்பன் ஆளு."

ஒரு விஷயம் தீர்ந்தது. ஆனால் மறுநாள் காலை மருந்தடிக்கிற ஆள் வரப்போகிறான், மருந்துக்கு யார் ஆள் என்று தெரியாது. மாமாவும் அதையேதான் கேட்டார். "செரி, நீ சொன்னது பாதி நெசம். இலை திங்கறதுக்கு என்ன பண்ண?"

என்னிடம் இருந்தது ஒரு கேள்விதான். ஏன் மேற்குப் பக்கம் மட்டும்? ஏன் இரண்டு வரிசை மட்டும்? பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காத மனுஷர். அவர் பக்கம் பார்த்தீனியம் மார்பளவு நின்றது, அதில் வண்டும் மொய்த்தது. ஆனால் அவருடைய சூரியகாந்தியில் ஒரு ஓட்டை கிடையாது. எங்கள் மாமா ஊரிலேயே சுத்தக்காரர். அவர் காட்டில்தான் சேதம்.

"மாமா, உங்க வரப்புல இருந்த பார்த்தீனியம் எங்க?"

"அறுத்தாச்சு. பத்து நாளாச்சே. நானும் அத்தையும் ஒரு செடி விடாம அறுத்தோம்." குரலில் பெருமை. "அதா, அங்க காயப் போட்டிருக்கறேன்."

காயப் போட்டிருந்தது சூரியகாந்தியின் காலடியில். மேற்கு வரப்பு நீளத்துக்கும், முதல் வரிசையை ஒட்டி, பூவோடு, குவியல் குவியலாக. காய்ந்த பூக்கள் காற்றில் உதிர்ந்து பக்கத்து இலைகள்மேல் வெள்ளைப் பொடியாகப் படிந்திருந்தன. விரலை நக்கி ஈரமாக்கி ஒரு இலையைத் துடைத்தேன். விரல் வெளுத்தது.

இப்போது என் தலைக்குள் ஒரு படம் ஓடியது. வண்டுக்குச் சாப்பாடு பார்த்தீனியம். மாமா அதை அறுத்துவிட்டார். வண்டு பட்டினி. ஆனால் பக்கத்து இலையில் சாப்பாட்டு வாசனை படிந்திருக்கிறது. இலையைக் கடிக்கிறதா, இலைமேல் இருக்கிற பொடிக்காகக் கடிக்கிறதா? நினைப்புத்தான். மறுபடி நினைப்பை உண்மை என்று சொல்லி மாமாவை மாட்டிவிட நான் தயாராக இல்லை. இந்தத் தடவை வண்டிடமே கேட்கலாம் என்று முடிவு செய்தேன்.

அத்தையிடம் மூன்று எவர்சில்வர் தூக்கு கேட்டேன். மாமாவின் மனைவி, கை வேலையை நிறுத்தாமல் பேசுகிறவள். "பூச்சிக்கா? இனிமே அதுல மோர் ஊத்துவேனா நான்?" என்றவள் மூன்றையும் கொடுத்தாள். முதல் தூக்கில் வரப்போரத்து இலை, பொடியோடு அப்படியே. இரண்டாவதில் அதே வரிசை இலை, நன்றாகக் கழுவித் துடைத்தது. மூன்றாவதில் காட்டு நடுவில் பறித்த சுத்தமான இலை, மேலே நானே பார்த்தீனியப் பூவை உதிர்த்தது. ஒவ்வொன்றிலும் பத்து வண்டு. தூக்குகளின் வாயை வேட்டித் துணியால் கட்டினேன். மாமா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணாவது எதுக்கு?"

"வரப்போரத்து இலையே வண்டுக்குப் பிடிச்ச ருசியா இருந்தா? பொடிதானா, இலையான்னு பிரிச்சுப் பாக்கணுமில்ல."

"ம்" என்றார். பிறகு, "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீ" என்றார்.

காலையில் காப்பிகூடக் குடிக்காமல் மூன்று பேரும் தூக்குகளைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் தூக்கைத் திறந்தேன். இலையில் ஓட்டைகள், ஓரமெல்லாம் அரம் மாதிரி. மூன்றாவது: கொஞ்சம் குறைவு, ஆனாலும் தெளிவாகக் கடித்திருந்தது, அதுவும் பூ விழுந்த இடத்தில்தான். இரண்டாவதைக் கடைசியில் திறந்தேன். வண்டுகள் துணியிலும் தூக்கின் ஓரத்திலும் வெளியே போக வழி தேடிக்கொண்டிருந்தன. கழுவின இலையில் ஒரே ஒரு இடத்தில் சின்னக் கீறல். வேறெதுவும் இல்லை.

அத்தைதான் முதலில் பேசினாள். "அப்ப நம்ம அறுத்துப் போட்டதாலதான் வந்துச்சா?"

அந்த நேரத்தில்தான் மருந்தடிக்கிற ஆள் முதுகில் டாங்க்கோடு வந்து நின்றான்.

"தண்ணி எங்கீங்க? கலக்கலாமுங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். "ராத்திரி முழுக்க ஓட்டை போட்டது நெசம். கழுவுனதைத் தொடலைங்கறதும் நெசம். ஆனா அது தூக்குப்போசி. இது ஒன்றரை ஏக்கரு. நீ உறுதியாச் சொல்றியா?"

போன் நினைவுக்கு வந்தது. "உறுதியாச் சொல்ல மாட்டேன் மாமா. மூணு தூக்குலதான் பாத்திருக்கேன். ஆனா குவியலை எடுத்துட்டு, வரப்போரத்து வண்டைக் கையால பொறுக்கிட்டுப் பார்த்தா, அது நடுக்காட்டுக்குப் போகுதா இல்லையான்னு நாலு நாள்ல தெரிஞ்சிடும். போச்சுன்னா அப்ப அடிக்கலாம். இன்னைக்கு அடிச்சுட்டா தேனீயைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உங்க ஆளையும்தான்."

பக்கத்துக் காட்டுக்காரர் போன வருஷம் பூ நேரத்தில் அடித்துவிட்டு, தலை தலையாகப் பொக்கு அறுத்ததை மாமாவும் பார்த்திருந்தார். அதுதான் என்னைவிட நன்றாக அவரிடம் பேசியிருக்கும் என்று நினைக்கிறேன்.

"செவ்வாக்கிழமை வா" என்றார் அந்த ஆளிடம். "வரச் சொன்னா வா. சொல்லலீன்னா வராத."

"காலங்காத்தால நடக்க விட்டீங்களே" என்று முனகிக்கொண்டே அவன் போனான்.

வாயில் துணி கட்டிக்கொண்டு குவியல்களைத் தூரத்துப் பள்ளத்துக்கு இழுத்தோம். பிறகு நான் இலையை ஆட்ட, அத்தை கீழே முறத்தைப் பிடிக்க, வண்டுகள் மழைத்துளி மாதிரிப் பொலபொலவென்று விழுந்தன. காலை மடக்கிச் செத்த மாதிரி நடிக்கிற அவற்றின் புத்தி எங்களுக்கு வசதியாகப் போயிற்று. மாமா அவற்றை ஒரு பழைய பிஸ்கட் தகர டின்னில் கொட்டி, மண்ணெண்ணெய் பாட்டிலைத் தேடினார்.

"கொல்லாதீங்க மாமா. அப்பாவுக்கு வேணும். பின்தெரு சைட்ல இன்னும் செடி நிக்குது."

மாமா டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

"கட்டிக்குடுத்து இருபத்தோரு வருஷமாச்சு. ஆடிச் சீருன்னு இப்பத்தான் மாப்பிள்ளை வாய் விட்டுக் கேக்கறாரு. குடுக்காம இருக்க முடியுமா?" டின்மேல் துணியைக் கட்டி, அத்தையிடம் குங்குமம் வாங்கி ஒரு பொட்டும் வைத்தார்.

இதற்கிடையில் நான் கொல்லும் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடுக்காட்டுக்கு நழுவியிருந்தேன். ஒன்றே ஒன்று. பெட்டிக்கு, ரெக்கார்டுக்கு, காலோடு முழுசாக. ஒன்றை விரலில் ஏற்றிவிட்டேன். பயத்தில் அதன் முழங்காலிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டுக் கசிந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கசப்பு வாசம்.

"என்ன பண்றே?" மாமா பின்னாலேயே நின்றார்.

"ஒண்ணு மட்டும் மாமா. காலேஜுக்கு."

"அது என்ற ஆளுன்னு சொன்னனல்ல. வேலைல இருக்கற ஆளைக் கூட்டிட்டுப் போயி ஊசி குத்துவியா? செவ்வாக்கிழமை தாண்டட்டும்." கையை நீட்டி என் விரலை இலைப் பக்கம் திருப்பினார். அது ஏறிப் போய்விட்டது. வாதாடலாம், இத்தனையில் ஒன்று குறைந்தால் என்ன என்று கேட்கலாம். எட்டு நாள் அவரைச் சும்மா உட்கார வைத்தவளுக்கு அந்த வாய் வரவில்லை.

திரும்புகிற பஸ்ஸில் டின் என் மடியில் இருந்தது. கரகரவென்று உள்ளே ஒரு சத்தம். மலைக்குப் போய்த் திரும்புகிற மொட்டைத் தலைக்காரர் ஒருவர் பொட்டைப் பார்த்துவிட்டு, பிரசாதமா என்று கன்னடத்தில் கேட்டார். ஆமாம், எங்கப்பாவுக்கு என்றேன். கொள்ளேகால் ஸ்டாண்டில் துணி நெகிழ்ந்து இரண்டு வெளியே வந்துவிட்டன. ஜன்னல் கம்பியில் ஏறி, முதுகு ஓட்டைத் திறந்து, பறந்தே போய்விட்டன. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொள்ளேகாலில் இந்த வண்டு ஏற்கெனவே இருந்ததா, இல்லை இன்றைக்கு நான்தான் கொண்டுவந்து விட்டேனா? நாளைக்கு யாராவது நோட்டில் "இங்கே எப்படி வந்தது, தெரியவில்லை" என்று எழுதினால், பதில் என் மடியில் இருந்த டின்தான். சாட்சிக்கென்று ஆறு பேரைத் தூக்கிக்கொண்டு போனதும் அப்போதுதான் உறைத்தது. பாட்டிலில் இருந்த அந்த ஆறையும் நானே டின்னில் கொட்டி, மாமாவின் முறத்தில் விழுந்தவற்றோடு கலந்துவிட்டிருந்தேன்.

அப்பா டின்னை இரண்டு கையாலும் வாங்கினார். சீர் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "ஒழுங்கா மரியாதை தெரிஞ்ச மனுஷன்" என்றார். அம்மா மட்டும், "என் அண்ணன் காடு பொழைக்குமா, அதைச் சொல்லு" என்றாள். செவ்வாய்க்கிழமை தெரியும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. புதனும் வரவில்லை. பக்கத்து வீட்டில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் நான் ஜன்னலுக்கு ஓடினேன். வரவில்லை என்றால் ஆள் போகவில்லை என்று அர்த்தமா, ஆள் போய் மருந்தடித்துவிட்டு மாமா கோபமாக இருக்கிறார் என்று அர்த்தமா? ஒரு மாசம் இப்படியே போனது. ஒரு கவர் வந்தது. உள்ளே நோட்டுப் புத்தகத் தாளில் மாமாவின் கோணல் எழுத்து.

பூவெல்லாம் தலை குனிந்துவிட்டது, விதை கனத்துக்கிடக்கிறது என்று எழுதியிருந்தார். வரப்போர இரண்டு வரிசை மட்டும் சிறுத்துவிட்டது, மிச்சமெல்லாம் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து நிற்கிறது. மருந்துக்காரன் வரவேயில்லை. மீதி அவர் வார்த்தையிலேயே: குவியலை எடுத்தது நல்லதுதான், ஆனால் வண்டை நிறுத்தியது நானும் உன் அத்தையும் கையால் பொறுக்கியதுதான் என்று நினைக்கிறேன், நீ போன பிறகும் மூன்று நாள் பொறுக்கினோம். பக்கத்துக் காட்டுக்காரர் அதெல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அடித்துப் பெய்த மழைதான் என்கிறார். நீ, இலைமேல் பொடி போனதுதான் என்பாய். பொடியைக் கழுவியதும் மழைதானே என்று உன் அத்தை கேட்கிறாள். யார் சொல்வது சரி என்று அடுத்த வருஷம் வந்து பார்.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குவியல், பொறுக்கல், மழை. மூன்றும் ஒரே வாரத்தில். எது செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியே இல்லை. மூன்று காடு வேண்டும். ஒன்றில் குவியலை மட்டும் எடுக்க வேண்டும், ஒன்றில் பொறுக்க மட்டும் வேண்டும், ஒன்றில் மழை மட்டும் பெய்ய வேண்டும்.

கவரின் அடியில் இன்னும் ஏதோ இருந்தது. தீப்பெட்டி. தபாலில் அடி வாங்கி அப்பளமாக நசுங்கியிருந்தது. உள்ளே பஞ்சில், குருணை அளவில், தந்த நிறத்தில். தீப்பெட்டியின் முதுகில், "தானாகச் செத்துக் கிடந்தது, நான் கொல்லவில்லை" என்று எழுதியிருந்தார். ஒரு பக்கத்து ஓடு முழுசாகத் தூளாகியிருந்தது. நடுக்கோடு பாதி இருந்தது, மறுபக்கக் கோடு ஒன்று முழுசாக இருந்தது. கால் ஆறும் இருந்தன. ஆறையும் எண்ணினேன், கணுக்களையும் எண்ணினேன், ஒளித்து வைத்ததைத் தவிர.

பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நான் சேகரித்த பூச்சிப் பெட்டிமேல் குனிந்து, அந்த ஒன்றின்முன் நின்றுவிட்டார். ஊசியில் குத்த முடியாத அளவுக்கு நொறுங்கியிருந்ததால், அட்டைத் துண்டில் ஒட்டியிருந்தேன். சீட்டில் இடம் கௌதள்ளி, செடி சூரியகாந்தி, சேகரித்தவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர். "அரிது" என்று நான் எழுதவில்லை.

"இது மூணு கோடு வண்டுதானே?" என்றார்.

"எத்தனை கோடு தெரியுதுங்க சார்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.